நார்மல் என்று எழுதிய கால்

கால் பார்க்கும் அறையில் இப்போது வேலை செய்யும் நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். உங்கள் மிஷினும் என் மிஷினைவிட அதிகம் படித்தது. பட்டனைத் தட்டினால் ரத்தம் ஓடும் பாதையைச் சிவப்பிலும் நீலத்திலும் வரைந்து காட்டி, அளவையும் போட்டு, கடைசியில் ‘நார்மல்’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது. போன மாதம் என் சர்க்கரைக் காலைக் காட்ட நானே வந்து படுத்திருந்தபோது இதையெல்லாம் பார்த்தேன். டெஸ்ட் எடுத்த பெண் திரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாள். என் கால் விரல்களை மட்டும் பார்க்கவில்லை. நல்ல பெண்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவள் வயதில் அல்ல, ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கும்போதுகூட நான் அவளைவிட மோசமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருடம் டெக்னீஷியனாக இருந்தவள். அதில் கடைசிப் பத்து வருடம் சர்க்கரை நோயாளிகளின் கால் பார்க்கும் அறையில். அறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். சலைன் பாட்டில் அடுக்கி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, ஒரு கட்டிலைப் போட்டு, கதவில் போர்டு மாட்டினார்கள். எங்கள் அல்ட்ராசவுண்டுக்குத் திரையெல்லாம் கிடையாது. பேனா மாதிரி ஒரு குச்சி, அதோடு ஒயரில் இணைந்த ஒரு சின்னப் பெட்டி, பெட்டியில் ஒரு ஸ்பீக்கர். குச்சியை ரத்தக் குழாயின் மேல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது சத்தமாகக் கேட்கும். டாப்ளர் என்பது எங்களுக்கு அவ்வளவுதான். கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை.

சர்க்கரை நோய் மெயின் ரோட்டை விட்டுவிட்டுச் சந்துகளில்தான் முதலில் கைவைக்கும். கண்ணில், சிறுநீரகத்தில், கால் விரல் நுனியில் இருக்கும் பொடிக் குழாய்கள்தான் முதலில் அடிபடும். ஆனால் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த படிவம் மெயின் ரோட்டை மட்டும் விசாரித்தது. கையில் பட்டை கட்டிப் பிரஷர் எடு, கணுக்காலில் பட்டை கட்டிப் பிரஷர் எடு, கணுக்கால் நம்பரைக் கை நம்பரால் வகு. ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் நார்மல். குறைந்தால் ரத்தம் போதவில்லை. எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று படிவத்தில் போட்டிருந்தது. எவ்வளவுக்கு மேலே போகக்கூடாது என்று போடவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். மேலே போகப் போக நல்லது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு விஷயம். அந்த ஸ்பீக்கர் ஊய் ஊய் என்று போடும் சத்தம் வரிசையில் நிற்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே யாருக்கோ என்னமோ செய்கிறார்கள் என்று இரண்டு பேர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பக்கத்து அறை டாக்டரும் புகார் சொன்னார். எங்கள் துறைப் பெரியவர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். துடிப்பு எப்போது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். நம்பர் எடுக்க அது போதும். காதால் செய்கிற வேலையில் காதை மூடிக்கொண்டேன் என்பது அப்போது தோன்றவில்லை. வேகம் கூடியது, ஒரு காலையில் இருபது கால் பார்ப்பேன். எக்ஸ்பிரஸ் மேடம் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

இந்த நிலைமையில்தான் பிச்சைமுத்து அண்ணாச்சி வந்தார். தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் இஞ்சின் டிரைவர். அப்பா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். பிறந்தது இங்கே என்றாலும் பேச்சு தூத்துக்குடியிலேயே நின்றுவிட்டது, நடுவில் நம் ஊர் ஹிந்தி தாராளமாக ஓடும். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் ஒரு புண், ஷூ கடித்தது என்றார். வலி இல்லை என்றார். சர்க்கரைக் காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். கப்பல் வேலைக்கான வருடாந்திர மெடிக்கலுக்கு அவருக்கு ரிப்போர்ட் வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அதுவரை கப்பலிலேயே இருந்துவிட்டுப் போக வேண்டும், கரையில் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

கணுக்காலில் பட்டை கட்டிக் காற்று ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே போனேன், துடிப்பு நிற்கவில்லை. கடைசியில் நின்றபோது வகுத்துப் பார்த்தால் ஒன்று புள்ளி நான்கு. படிவம் கேட்டதைவிட எவ்வளவோ அதிகம். சத்தம் கொஞ்சம் மந்தமாக, ஊதுகிற மாதிரி இருந்ததும் காதில் விழுந்தது. ஆரோக்கியமான குழாயில் துடிப்பு வெட்டி வெட்டிக் கேட்கும், இப்படி இழுக்காது. விழுந்ததை எங்கே எழுதுவது? வலது, இடது, முடிவு என்று மூன்று கட்டம்தான் இருந்தது. ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம்பரைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றே போதும் என்கிற இடத்தில் ஒன்று புள்ளி நான்கு வாங்கியிருக்கிறோம் என்று வெளியே நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் சந்தோஷம். மெடிக்கல் பாஸ், பெரியவருக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்பும் கேஸ் ஒன்று மிச்சம், எனக்கு அடுத்த கால். அந்தப் பெருவிரலுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு வாரம் கழித்து லெட்சுமி என் அறைக்கு வந்தாள். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் அவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். என்னைவிட மூன்று வயது இளையவள், சம்பளத்தில் நான்கு படி கீழே. அந்த நான்கு படியால் அவள் என் அறைக்குள் வந்தால் உட்கார மாட்டாள், நானும் உட்காரச் சொன்னதில்லை. கதவருகில் நின்றபடியே கேட்டாள்.

“மேடம், அந்தக் கப்பல்காரர் காலுக்கு நாந்தான் தினமும் கட்டுப் போடுறேன். ஓரத்துல செத்த தோலை வெட்டுறப்ப ஒரு பொட்டு ரத்தம் வரல. ஒங்க மிசின் ரத்தம் நல்லா ஓடுதுன்னு சொல்லுதாம். அப்ப அது எங்கதான் போகுது?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மிஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நீ கட்டை ஒழுங்காகப் போடு என்றுதான் சொன்னேன். அவள் சரி மேடம் என்று போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் ஜெயித்த திருப்தியாவது இருந்திருக்கும். அவள் கேட்ட கேள்வி அறையிலேயே நின்றது. வெட்டினால் ரத்தம் வராத இடத்தில் ரத்தம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறேன். இரண்டில் ஒன்று பொய், கத்தரிக்கோல் பொய் சொல்வதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அண்ணாச்சியை வரவழைத்தேன். விரலுக்குக் கட்டும் சின்னப் பட்டை எங்களிடம் கிடையாது. பச்சைக் குழந்தைகள் வார்டுக்குப் போய், பிறந்த குழந்தையின் கையில் கட்டும் பட்டையைக் கடன் வாங்கி வந்தேன். ஐம்பத்தெட்டு வயது இஞ்சின் டிரைவரின் பெருவிரலில் அதைக் கட்டியபோது அவருக்கு ஒரே சிரிப்பு. குச்சியை விரல் நுனியில் வைத்துத் தேடினேன். நல்ல காலில் வைத்த உடனே கேட்கும். இதில் ஐந்து நிமிடம் தேடிய பிறகு மெல்லிசாக ஓர் இரைச்சல் கிடைத்தது. காற்று ஏற்றினால் இருபதைத் தாண்டியதுமே அதுவும் போய்விட்டது. முப்பதே அபாயம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாது, அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பல வருடச் சர்க்கரையில் காலின் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடுகிறது. பட்டையால் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் நசுங்காது. நசுங்காததால் நம்பர் மேலே மேலே போகும். அது ரத்தத்தின் பிரஷர் இல்லை, குழாயின் பிடிவாதம். உள்ளே ரத்தம் போகிறதா என்பது வேறு கேள்வி, அதை விரலைத்தான் கேட்க வேண்டும். நான் கற்ற பாடத்தில் இது ஒரு பத்தியாக இருந்தது. பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

சர்ஜனிடம் ஓடினேன். அவர் காலைப் பார்த்துவிட்டு, புண் எலும்பைத் தொட்டுவிட்டது, உடனே வார்டில் சேருங்கள் என்றார். மெயின்லேண்டுக்கு அனுப்பி முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களைத் திறந்துவிட்டால் பாதம் தப்பும், தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், நாள்கணக்கில்தான் அவகாசம் என்றார். அனுப்புவதற்கு ஒரு கமிட்டி உண்டு, அது கேட்பது ரிப்போர்ட். புது ரிப்போர்ட்டோடு நான் பெரியவரிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கால், ஒரே கையெழுத்து, ஆறு வார இடைவெளி. ஒன்று முதல் தரம், இன்னொன்று ஃபெயில். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் ஆளைக் காப்பாற்றுகிறவர், அதனால்தான் அவர் பேச்சு எடுபட்டது. ஆறு வாரத்தில் நோய் முற்றிவிட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடு, நடக்கக்கூடியதுதானே, கமிட்டியும் கேட்காது, உனக்கும் கெட்ட பேர் இல்லை, அவரும் போய்ச் சேருவார் என்றார்.

யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அந்த மாதிரிப் பொய்தான் ஆஸ்பத்திரிகளில் அதிகம் செலவாகிறது. நான் அந்த வரியை எழுதினேன். ‘முந்தைய பரிசோதனைக்குப் பின் நோய் வேகமாக முற்றியுள்ளது.’ எழுத்து நன்றாகவே வந்திருந்தது.

கமிட்டி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாதவர் அண்ணாச்சிதான். மறுநாள் காலை விமானத்துக்குப் பேர் கொடுக்கலாம் என்று வார்டுக்குப் போனால், அவர் தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். என்னுடைய பழைய ரிப்போர்ட். அபர்தீன் பஜாரில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்திருந்தார். கப்பலில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். இந்த வயதில் இந்த நம்பர் யாருக்கு வரும் என்று சமையல்காரரோடு பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார். மெயின்லேண்டுக்குப் போனால் அன்ஃபிட் என்று முத்திரை குத்திக் கரையில் உட்கார வைத்துவிடுவார்கள், போக மாட்டேன் என்றார். நோய் முற்றிவிட்டது அண்ணாச்சி என்று நான் என் புது வரியைச் சொன்னேன். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“ஆறு வாரத்துல கெட்டுச்சுன்னா ஆறு வாரத்துல சரியாவும்லா. டிரஸ்ஸிங் நடக்கட்டும் மேடம், ஜல்தி என்ன.”

பொய்க்கு ஒரு குணம் உண்டு, அதைச் சொன்னவர் நினைத்த இடத்தோடு அது நிற்காது. என் பேரைக் காப்பாற்ற எழுதிய வரி இப்போது அவர் காலைப் பிடித்து வைத்திருந்தது. வேகமாக வந்தது வேகமாகப் போகும் என்று அவர் நம்புவதில் என்ன தப்பு? அவரிடம் அத்தாட்சி இருக்கிறது, அதுவும் தண்ணீர் படாத அத்தாட்சி. சர்ஜன் வந்து விளக்கினார். பெரியவர் வந்து அதட்டினார். மகள் வந்து அழுதாள். எல்லோரிடமும் அவர் அந்த உறையைக் காட்டினார். பாதத்தின் மேல்புறம் அதற்குள் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. விமானத்துக்குப் பேர் கொடுக்க மத்தியானம் வரை நேரம் இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அவருக்குக் கால் போய்விடும் என்ற பயம் பாதி, நான் எழுதியது வெளியே வரும் என்ற பயம் பாதி. எந்தப் பாதி பெரிது என்று இப்போது கேட்டாலும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. அறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தேன். லெட்சுமி கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வைக்கும் திருகை முழுவதும் திருப்பினேன். பல வருடமாக அது அவ்வளவு தூரம் போனதில்லை. முதலில் என் செருப்பைக் கழற்றி என் பெருவிரலில் குச்சியை வைத்தேன். வார்டு முழுக்கக் கேட்டது, டக் டக் என்று வெட்டி வெட்டி. எனக்குச் சர்க்கரை வருவதற்கு முந்தைய காலம் அது. அடுத்து அவர் விரலில் வைத்தேன். பெட்டி வெறுமனே இரைந்தது. நகர்த்தினேன், இன்னும் நகர்த்தினேன். மெல்லிசாக ஓர் ஊதல், அவ்வளவுதான்.

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முப்பது வருடம் இஞ்சின் அறையில் காதை வைத்துப் பிழைத்தவர், மிஷின் சத்தத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என்னையே பார்த்துக் கேட்டார்.

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சா?”

அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது, இரண்டுமே ஒரு வார்த்தைதான். பெரியவர் கதவருகில் நின்று என்னைப் பார்த்தார். லெட்சுமி தலை நிமிரவில்லை, கையில் பஞ்சோடு அப்படியே இருந்தாள்.

“ஆமா அண்ணாச்சி. அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சு. சத்தத்தக் குறைச்சு வச்சிருந்தேன். நம்பரை மட்டும் பாத்துட்டு நார்மல்னு எழுதிட்டேன். நோய் முத்தல்லாம் இல்ல. தப்பு என் மேல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் லேமினேட் செய்த ரிப்போர்ட்டை எடுத்து அந்த ஒன்று புள்ளி நான்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, வேலை தெரியாத ஆளிடம் பேசுகிற பொறுமையோடு சொன்னார்.

“கேஜுல முள்ளு மேல போய் நிக்கி, ஆனா தண்ணி போய்ச் சேரலைன்னா லைன் அடைச்சிருக்குன்னு அர்த்தம். எங்க இஞ்சின் ரூமுல புதுசா வந்தவனும் ரெண்டு மாசத்துல இதைப் படிச்சிருவான். இது உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

உண்மையில் அவர் விளக்கம் சரியில்லை. முள் மேலே போனது அடைப்பால் அல்ல, குழாய் நசுங்காததால். மூன்று வயதுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி அதை விளக்க என்னால் முடியும். விளக்கவில்லை. என்னுடைய சரியான விளக்கம் ஆறு வாரமாக எந்தக் காலையும் காப்பாற்றவில்லை. அவருடைய தப்பான விளக்கம் அந்த நிமிடமே பிளைட் எத்தனை மணிக்கு என்று கேட்டது. பழைய ரிப்போர்ட்டில் கேன்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், மெயின்லேண்டில் இதைக் காட்டி ஏமாந்துவிடக் கூடாது என்றார். எழுதப் பார்த்தேன், பிளாஸ்டிக்கில் பேனா பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் லெட்சுமிதான் கத்தரிக்கோலை எடுத்துக் குறுக்கே வெட்டினாள்.

அவர் போனார். குழாய்களைத் திறந்தார்கள். இரண்டு விரல் போயிற்று, பாதம் தப்பியது. திரும்பி வந்ததும் அவர் பயந்தபடியே கரையில் போட்டார்கள், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் பம்ப் பார்க்கும் வேலை. என்னை எங்கே பார்த்தாலும் அந்தக் குறையைச் சொல்லாமல் விடமாட்டார். கால் மிஞ்சியதற்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. பஜாரில் அவர் நடந்து வந்து என்னைத் திட்டுவதே எனக்குப் போதுமாக இருந்தது.

இத்தோடு முடித்துவிட்டால் இது ஓர் அழகான கதை, நானும் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் புது ரிப்போர்ட்டில் நான் எழுதியிருந்த அந்த வரி இன்னும் அங்கேயே இருந்தது. அதை அடித்துவிட்டு ‘முந்தைய அறிக்கை தவறு’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டபோதுதான் மண்டையில் உறைத்தது. நோய் முற்றிவிட்டது என்பது உண்மையானால் தப்பு ஒரு காலோடு முடிந்தது. முந்தைய அறிக்கை தவறு என்றால், அதே மாதிரி எழுதிய மற்ற அறிக்கைகள்? அலமாரியில் நான்கு வருட ரிஜிஸ்டர் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். நம்பர் ஒன்று புள்ளி மூன்றுக்கு மேலே போன பேர்களைச் சிவப்பு மையில் சுழித்தேன். அண்ணாச்சி போகப் பதினான்கு பேர். சிலவற்றுக்குப் பக்கத்தில் ‘மிக நன்று’ என்றுகூட எழுதியிருந்தேன், படிவம் அதைக் கேட்கவே இல்லை.

பெரியவரிடம் சொன்னேன். யாரும் புகார் சொல்லவில்லையே, கேஸ் வராத இடத்தில் போய்க் கேஸைத் தேடுவானேன் என்றார். நியாயம்தான். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், நார்மல் என்று எழுதிக் கொடுத்தால் யார் புகார் சொல்வார்கள்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். லெட்சுமியும் வந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்காரச் சொன்னேன். அவள் போன் நம்பரைப் படிக்க நான் சுழற்றினேன். கார் நிக்கோபாரில் ஒரு கிளார்க் நன்றாக இருந்தார், கப்பல் கிடைத்ததும் வருகிறேன் என்றார். புரோத்ராபூரில் ஒரு டீக்கடைக்காரர் மறுநாளே வந்தார், விரலில் ரத்தம் நன்றாக இருந்தது. நான்கு பேருக்கு நன்றாக இல்லை, நேரத்தில் அனுப்பினோம். இரண்டு பேர் வேறு வியாதியில் இறந்திருந்தார்கள். ஒருவர் தன் நம்பரைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து வரவே மாட்டேன் என்றார், அவருக்கு மூன்று தடவை போன் செய்ய வேண்டியிருந்தது.

பதினான்காவது பேர் மாயாபந்தரில் ஒரு தச்சர். அவருடைய நம்பர்தான் இருப்பதிலேயே அதிகம். போனை அவர் மனைவி எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் காலை மறுபடி பார்க்க வேண்டும், ஒரு முறை கூட்டி வர முடியுமா என்று கேட்டேன்.

“கால் போன வருசமே போயிருச்சு மேடம். முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. நீங்க தெரியாம கூப்பிட்டுட்டீங்க. ஒங்க ஆஸ்பத்திரி மேல ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அங்க டெஸ்ட் எல்லாம் நார்மல்தான். இந்த மனுசன்தான் வாயக் கட்டல. ரத்தம் நல்லா ஓடுன கால இவராத்தான் கெடுத்துக்கிட்டாரு.”

பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒரு வருடமாக அவள் இதைச் சொல்லிவருகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. கோபம்கூடத் தேய்ந்துபோய், வழக்கமாகிவிட்ட குரல். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டிருக்கலாம். கால் திரும்பி வரப்போவதில்லை. எதிரில் லெட்சுமி ரிஜிஸ்டரில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரிப்போர்ட் தப்பு என்று சொன்னேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அன்றைக்கே அந்தக் காலில் ரத்தம் சரியாக ஓடியிருக்காது, சரியாகப் பார்த்திருந்தால் அப்போதே மெயின்லேண்டுக்கு அனுப்பியிருப்போம், கால் கட்டாயம் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் தப்புவதற்கு வழி இருந்தது என்றேன். குக்கர் இரண்டு தடவை விசில் அடித்தது, அவள் அணைக்கவில்லை.

“அப்ப அவரு மேல தப்பில்லையா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், “இருங்க மேடம். இத நான் சொல்லக் கூடாது. நீங்களே அவருகிட்ட சொல்லுங்க” என்றாள்.

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு தரையில் கட்டை ஊன்றும் சத்தம், உள் அறையிலிருந்து ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. அவர் வந்து சேர ரொம்ப நேரம் ஆனது. போனை எடுத்து, யாரோ வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தவர் மாதிரி, நல்ல குரலில், “சொல்லுங்க மேடம்” என்றார்.

முதல் தடவை சொல்லிவிட்டேன், இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அழுதுவிட்டேன். அழுது முடித்துவிட்டு, என் பேரைச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.